பதினோரு தலைமுறையும் ஒரு பாத்திரம் வெந்நீரும்

காலை ஆறு நாற்பதுக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. சாப்பாட்டு மேசையில் ஒரு டப்பா, மூடிக்குப் பதில் மெல்லிய துணி, உள்ளே இலையும் தண்டுமாக நறுக்கிய காலிஃபிளவர். மனைவி இரவே நறுக்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்துத் துணியை எடுத்தேன். கல்யாணப் பந்திபோலப் பச்சைப் புழுக்கள். எங்கள் வீட்டு வழக்கப்படி வெந்நீர், கல்லுப்பு, மஞ்சள்தூள் போட்டு, மிதந்ததையெல்லாம் வடித்துக் கொட்டினேன். கடுகும் தாளித்துவிட்டேன்.

பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் மகள் பல் தேய்த்தபடி வந்து காலி டப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, அதுங்க விஷத்தையே தின்னு பொழைச்சதுங்க. நீ ரசம் வைக்கிற பாத்திரத்துல கொன்னுட்ட."

ஆய்வகத்தில் ஏசி பழுதாகி மற்ற கூண்டுகளில் இருந்தவையெல்லாம் செத்துவிட்டன. மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாளாம். மண்ணிலுள்ள ஒரு பாக்டீரியாவின் புரதம் புழுவின் குடலில் ஒட்டிக்கொண்டு ஓட்டை போட்டுக் கொல்லும். ஆனால் ஏதோ சில புழுக்களுக்கு மரபணுவில் சின்ன மாறுதல். ஒட்ட வந்த புரதத்துக்கு அங்கே இடம் கிடைக்காது. அவை மட்டும் பிழைத்து முட்டையிடும். அப்படிப் பிழைத்தவற்றையே பொறுக்கிப் பொறுக்கிப் பதினோரு தலைமுறை வளர்த்திருந்தாள். அவை இல்லாவிட்டால் ஆராய்ச்சிப் பட்டம் இல்லை. அழவில்லை அவள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மனைவி, அந்தப் பாத்திரத்தை இனி என்ன செய்வது என்று மட்டும் கேட்டாள்.

நான் மார்க்கெட்டுக்கு ஓடினேன். புழு உள்ள காலிஃபிளவர்தான் வேண்டும் என்றதும் கடைக்காரர் முறைத்தார்.

"இன்னா சார், காலைலயே நக்கலா? நம்ம கடைல புழு கீதுன்னு எவன் சொன்னான்?"

கெஞ்சிக் கூத்தாடி, அவர் ஒதுக்கிப் போட்ட கூடையிலிருந்து நான்கு பூ வாங்கிவந்தேன். மகள் இலைகளை அந்த பாக்டீரியா மருந்தில் தோய்த்துப் புழுக்களுக்குக் கொடுத்தாள். இரண்டே நாளில் அத்தனையும் சுருண்டுவிட்டன. சாதாரணப் புழு சாகத்தான் சாகும் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள்.

அன்று சாயங்காலம் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில், எவ்வளவு மருந்து அடித்தும் சாகாத புழு யார் வீட்டில் இருந்தாலும் தந்து உதவும்படி எழுதினேன். செயலாளர் சனிக்கிழமை கரப்பான் மருந்து அடிக்க ஆள் வருவதாகப் பதில் போட்டார். இரண்டு பேர் கும்பிடு அனுப்பினார்கள்.

ஏழு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. மொட்டைமாடியில் கோஸ் வளர்த்து, வீடு வீடாகப் பெருமையாகக் கொடுக்கும் நான்காம் மாடி மாமி. கையில் எவர்சில்வர் டப்பா. நடையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"குரூப்புல போட்டுடாதேள். ரெண்டு வருஷமா வாரா வாரம் அந்த பாக்டீரியா பவுடரைத்தான் கரைச்சு அடிச்சுண்டிருக்கேன். முன்னெல்லாம் செத்துது. இப்போ அதையும் தின்னுட்டு இன்னும் கொழுக்கறதுகள். அத்தனையும் உங்க பொண்ணே வெச்சுக்கட்டும். டப்பாவை மட்டும் நாளைக்குக் குடுத்தனுப்புங்கோ."