சாரங்கு தொகுஜி படியேறிய வீடுகள்

மோஜி என்ற நிலக்கரித் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகன் தொகுஜி. கடற்படையில் சேர்ந்த பிறகுதான் அவருக்கு வயிறாரச் சோறு கிடைத்தது. அந்த நன்றியிலேயே உழைத்து உழைத்து, கடலில் போட்ட கண்ணிவெடிகளை வாரி அகற்றும் கப்பலொன்றில் சாரங்கு ஆனார். மேல்தளத்துக் கயிறும் சங்கிலியும் ஆட்களும் அவர் பொறுப்பு.

பெரிய போர்க்கப்பல்காரர்களுக்கு இவர்கள் 'துடைப்பக்காரர்கள்'. அது ஒன்றும் பொய்யில்லை. போர்னியோவின் எண்ணெய்த் துறைமுகங்களில் படை இறங்கியபோது, எல்லாருக்கும் முன்னால் போய்க் கடலைப் பெருக்கியது இந்தச் சின்னக் கப்பல்தான். பிறகு சரக்குக் கப்பல்களுக்குக் காவலாக ஓடியது. கூடவே கட்டப்பட்ட கப்பல்கள் ஒவ்வொன்றாக மூழ்க, இது மட்டும் பின்பக்கம் ஒட்டுப் போட்டுக்கொண்டு ஊர் திரும்பியது. போரின் கடைசிக் கோடையில் மோஜிக்கு எதிரே, தொகுஜி நீச்சல் பழகிய நீரிணையிலேயே, அமெரிக்க விமானங்கள் வான்குடையில் இறக்கிவிட்டுப் போன கண்ணிகளை வார ஆரம்பித்தது. ஊரான் வாசலில் தொடங்கிய வேலை சொந்த வாசலில் வந்து நின்றது.

கண்ணி வாரும்போது ஒரு கட்டுப்பாடு உண்டு. வெடி அடியிலிருந்து வரும். அதனால் ஒருவரும் கீழ்த்தளத்தில் இருக்கக்கூடாது. எல்லாரும் மேலே வந்து, வைக்கோல் பாயை விரித்து, முழங்காலை லேசாக மடக்கி நிற்க வேண்டும். விறைத்து நின்றவனுக்குக் கால் எலும்பு மிஞ்சாது. சமையலறை அடுப்பையும் அணைத்துவிட வேண்டும். எல்லாரும் வந்தாயிற்றா என்று பார்த்துக் கப்பல் தலைவர் அன்சாயிடம் சொல்வது சாரங்கின் வேலை.

அந்தக் கோடையில் ஒருநாள் கிடங்கிலிருந்து வெள்ளை அரிசி வந்திருந்தது. சோளமும் சோயாச் சக்கையும் தின்று நாக்கு செத்துப்போன ஆட்கள் காலையிலிருந்தே சமையலறையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். சமையற்காரன் உராபே, சுவோ கடற்கரையின் ஒரு மீனவக் கிராமத்தான். உப்பை அள்ளிக் கொட்டுகிற கை. "உங்க ஊர்ல கடல்தண்ணியிலதான் பொங்குவீங்களா?" என்று தொகுஜி சீண்டினால், "மோஜிக்காரனுக்கு நிலக்கரித் தூள் போடாட்டி இறங்காதே" என்பான்.

வாரும் உத்தரவு வந்தபோது உலையில் அரிசி பாதி வெந்திருந்தது. உராபே அடுப்பை அணைக்கக் குனிந்தான். ஏணித் தலைப்பிலிருந்து தொகுஜி தடுத்தார்.

"விடு, விடு. இப்ப அணைச்சா அத்தனையும் களியாப் போயிடும். நீ இருந்து பாத்துக்கோ. மேல நான் சொல்லிக்கிறேன்."

சுற்றி நின்ற எல்லாரும் அதைக் கேட்டார்கள். ஒருவன் சிரித்தான். தொகுஜி அன்சாயிடம் போய், எல்லாரும் மேலே வந்தாயிற்று என்றார்.

கண்ணி வெடித்தபோது பாயில் நின்றவர்கள் தூக்கி எறியப்பட்டார்கள், ஆனால் எழுந்தார்கள். சமையலறைப் பக்கம் தகடு கிழிந்து தண்ணீர் புகுந்திருந்தது. உராபேயை மேலே கொண்டு வந்தபோது அவனிடம் உயிர் இல்லை. அன்சாய் நேராக சாரங்கிடம் வந்து, இவன் ஏன் கீழே இருந்தான் என்று கேட்டார்.

"கூப்பிட்டேன் ஐயா. வரல."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சுற்றி நின்றவர்கள் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். உத்தரவை மீறியதால் இறந்தான் என்றே அவன் வீட்டுக்குச் செய்தி போனது. அன்று மாலை, உப்புநீரில் கிடந்த சோற்றை அள்ளி, அலசித் தின்றார்கள். தொகுஜியும் தின்றார்.

ஆகஸ்டில் நாடு சரணடைந்தது. பீரங்கிகளைக் கழற்றிவிட்டு, தைத்த வயிற்றோடு அதே கப்பலை அதே நீரிணைக்கு அனுப்பினார்கள். மற்றப் படைக்காரர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனபோது, இவர்கள் மட்டும் கண்ணி வாரிக்கொண்டிருந்தார்கள். "சண்டை முடிஞ்சது இவனுங்களுக்கு யாரும் சொல்லலை போல" என்று கரையில் மீன்காரிகள் சிரித்தார்கள்.

குளிர் தொடங்கியபோது உராபேயின் மனைவி மசானோ வந்தாள். மோஜியில் ஜனங்கள் பூசணிக் கொடியைக்கூட வேகவைத்துத் தின்ற காலம். அவள் ஒரு துணி மூட்டை நிறைய அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொண்டுவந்திருந்தாள். மேல்தளத்தில் முழந்தாளிட்டு, நெற்றி தரையில் பட வணங்கி, தன் புருஷன் சொல் கேளாமல் கப்பலுக்கும் எல்லாருக்கும் தொல்லை கொடுத்துவிட்டதாகவும், இத்தனை நாள் வந்து மன்னிப்புக் கேட்காதது தன் தவறு என்றும் சொன்னாள். பிறகு ஒவ்வொருவர் முன்னாலும் தனித்தனியாகக் குனிந்து, ஆளுக்கொரு கிழங்கு கொடுத்தாள். மறுத்தால் மரியாதை இல்லை என்று எல்லாரும் வாங்கினார்கள். பசி, அங்கேயே கடித்தார்கள்.

கடைசியாக அவள் தொகுஜியிடம் வந்தாள்.

"உங்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டம் குடுத்துட்டாரு. நீங்க கூப்பிட்டும் வரலையாமே."

யாராவது குனிந்து மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வார்களோ, அதுவே அவர் வாயிலும் வந்தது. "பரவாயில்லைம்மா. அதை நாங்க மனசுல வெச்சுக்கல."

அவள் கண் நிறைந்துவிட்டது. மறுபடி குனிந்து நன்றி சொல்லிவிட்டு, காலித் துணியை மடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

கிழங்கு தொகுஜியின் கையில் ஆறிக்கொண்டிருந்தது. கொதிகலன்காரன் ஒருவன் விரலை நக்கிக்கொண்டே, "மன்னிச்சுட்டீங்க. பெரிய மனசுதான் சாரங்குக்கு" என்றான்.

தொகுஜிக்குக் காது மடல்வரை எரிந்தது. அன்று சொன்ன பொய்யைவிட இந்த மன்னிப்பு கேவலமாகப் பட்டது. தலைவரிடம் கேட்காமலே கரைக்கு இறங்கி ரயில் நிலையத்துக்கு ஓடினார். மசானோ நடைமேடையில் ரயிலுக்கு நின்றிருந்தாள். நின்ற நிற்பிலேயே சொன்னார்: உராபே அடுப்பை அணைக்கத்தான் குனிந்தான், தான்தான் இருக்கச் சொன்னது, கூப்பிடவே இல்லை. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"நான் ஒவ்வொருத்தர் முன்னாலயும் குனிஞ்சேனே. அவங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"தெரியும்."

"கிழங்கைத் தின்னாங்களே."

தொகுஜி அங்கேயே, அத்தனை கூட்டத்துக்கு நடுவே, மண்டியிட்டார். அவள் ஒதுங்கி நின்றாள். தலைவரிடம் உண்மையைச் சொல்லி அறிக்கையை மாற்றச் சொல்கிறேன் என்றார்.

"எந்தக் கடற்படைக்கு அறிக்கை? அதைத்தான் கலைக்கிறாங்களே." ரயில் வந்து நின்றது. "எங்கிட்டக் குனிஞ்சு என்ன ஆகப்போகுது? எங்க மாமனார் பெத்த மகன் பேரைக்கூட செத்தவங்களைக் கும்பிடுற மாடத்துல வெக்கல. எந்திரிங்க. ஏறுங்க."

ஜன்னல் உடைந்த பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து போனார்கள். கிழங்கைக் கொண்டுவந்துவிட்டோம் என்று தொகுஜிக்குப் பாதி வழியில்தான் தெரிந்தது. திருப்பிக் கொடுக்கவும் தைரியமில்லை, தின்னவும் முடியவில்லை.

மசானோவின் மாமனார், கிழவர் உராபே, மகனைவிட உயரம். வந்தவரை உள்ளே உட்காரவைத்து, மருமகளைத் தேநீர் போடச் சொன்னார். தொகுஜி பாயில் நெற்றியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். கிழவர் தேநீரோடு வந்த மருமகளைக் கைகாட்டி நிறுத்தினார்.

"சக்கரவர்த்தி கப்பலை என் மகன் கெடுத்துட்டான்னு இந்த ஊர்ல வீடு வீடாப் போய்க் குனிஞ்சேன்," என்றார். "ஒரு வீடு விடல. இப்ப நான் போய் மாத்திச் சொன்னா, பெத்த பாசம்னுவாங்க. நீங்களே அந்த வீடுகளுக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்க. தேநீர் அப்புறம்."

தொகுஜி எழுந்து போனார்.

முதல் வீட்டில் முள்ளங்கி காயவைத்துக்கொண்டிருந்த பெண், கேட்டு முடித்ததும் பழக்கத்தில் பதிலுக்குக் குனிந்தாள். குனிந்த பிறகுதான் எதற்குக் குனிந்தோம் என்று விழித்தாள். அடுத்த வீட்டில் வலை தைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "என் பையனுந்தான் திரும்பல. யாரு வந்து என்ன சொன்னாங்க எனக்கு?" என்றார். அதற்கும் தொகுஜி குனிந்தார். ஒரு வீட்டில் பெரியம்மா ஒருத்தி, பாவம் தூரத்திலிருந்து வந்திருக்கிறாரே என்று காய்ந்த பெர்சிமன் பழத்தை அவர் கையில் திணித்தாள். அதுதான் தாங்க முடியாமல் போயிற்று. சொல்ல வந்ததை மறுபடி முதலிலிருந்து சொன்னார். அவள் பழத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

மசானோ கூட வரவில்லை. ஆனால் தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவின் நடுவில் ஓடு வேய்ந்த பெரிய வாசல் ஒன்று. போர்க்காலத்தில் ஊருக்குத் தலைவராயிருந்தவர் வீடு. உள்ளே ஆண்கள் கூடிப் பேசும் சத்தம் கேட்டது. அரிசிப் பங்கீட்டு விஷயமாக ஊரே கூடியிருந்தது போலும். தொகுஜி வேலியோரமாக அதைத் தாண்டி அடுத்த குடிசைக்கு நடந்தார்.

"அந்த வீட்டை விட்டுட்டீங்க," என்றாள் மசானோ பின்னாலிருந்து.

தொகுஜி நின்றார். பிறகு திரும்பி வந்து செருப்பைக் கழற்றினார். உள்ளே பேச்சு நின்றது. யாரோ வந்து கதவை நகர்த்தினார்கள்.