தண்ணீர் லாரி வரும் நேரம்

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். தப்பு என்னுடையது.

அஸ்தினாபுரத்தில் ஒரு குடிசைத் தெருவில், எங்கள் சபையிலிருந்து, கஷ்டப்படும் குடும்பங்களுக்காக ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஜெபமும் பிள்ளைகளுக்கு டியூஷனும் ஆரம்பித்தோம். மூன்று வாரம் ஒருவரும் வரவில்லை. "அந்தத் தெருவுக்கே கல்நெஞ்சு" என்று சபையில் எழுந்து சொன்னேன். அவர்கள் மனம் மாற உபவாசமும் இருந்தேன். இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம் என்றார் போதகர்.

நான்காம் ஞாயிறு, அந்தத் தெருமுனையில் குடத்தோடு வரிசையில் நின்ற மீன்கார லட்சுமியிடம், "ஏம்மா, யாருமே வர மாட்டேங்கிறீங்க?" என்றேன்.

"நல்லா கேட்ட போ! நாலு மணிக்குத்தான் தண்ணி லாரி வருது. உங்க சாமி வந்து என் கொடத்த ரொப்புமா? எப்ப தோதுப்படும்னு எங்கள ஒரு வார்த்த கேட்டியாக்கா?"

வரிசையே சிரித்தது.

ஆண்டவரிடம் மூன்று வாரம் முழங்காலில் நின்று கேட்ட நான், இவர்களிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"எப்ப வரட்டும் லட்சுமி?"

"ஆறு மணிக்கு வா. இப்ப இந்தக் கொடத்தப் புடி."

பிடித்தேன். ஆறு மணிக்குப் பதினோரு பிள்ளைகள் வந்தார்கள், லட்சுமியின் மகளும்தான். அடுத்த வாரம் சபையில் எழுந்து மன்னிப்புக் கேட்டேன். மனது லேசானது.

இதை யாருக்காவது சொன்னால், அந்தத் தெருவைக் கல்நெஞ்சு என்று நான் சொன்னதையும் விடாமல், அப்படியே சொல்லுங்கள்.