ஏழாம் கேள்விக்கு என்ன எழுதுவது

படிவம் நிரப்ப வேண்டுமென்றால் எங்கள் கட்டடத்தில் எல்லோரும் என் கதவைத்தான் தட்டுவார்கள். திருகோணமலைக் கச்சேரியில், அரசாங்க அதிபர் அலுவலகத்தில், ஒன்பது வருடம் எழுதுவினைஞராக இருந்த பாவம், பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் மூன்றாம் மாடிக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை. வேலை அனுமதி, மருத்துவப் பரிசோதனை, பிள்ளைகளைப் பகலில் விடும் கார்டெரி, மின்சாரக் கட்டணத்துக்கு ஒரு முறைப்பாடு, எல்லாவற்றுக்கும் யோகராணிதான். காசு ஒருவரும் தருவதில்லை, மீன் கட்லட் தருவார்கள். இத்தனை படிவங்களில் என்னை மிகவும் அலைக்கழித்தது குடிவரவுக்காரர்களுடையது என்று நினைப்பீர்கள். இல்லை. கனகசிங்கம் அண்ணை கொண்டுவந்த கஞ்சாப் படிவம்தான்.

அண்ணை எங்கள் மூன்றரை அறை வீட்டின் ஹோலில் பாய் விரித்துப் படுப்பவர். மட்டக்களப்பு ஊர், நாற்பத்தொன்பது வயது. ஊரில் மதுவரித் திணைக்களத்தில் இருபத்திரண்டு வருடம் காவலராக இருந்தார். கசிப்பு வடிப்பவர்களையும் கஞ்சா விற்பவர்களையும் பிடித்து நீதவான் முன்னால் கோட்டில் நிறுத்துவது தொழில். இங்கே பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றில் தரை துடைக்கிறார். மனைவி மீனாம்பிகை இறந்து ஆறு வருடம். ஒரே மகள் இந்திராதேவி கொழும்பில் மாமி வீட்டில் இருந்தாள். அண்ணையின் அகதி வழக்கு ஏற்கப்பட்டால்தான் அவளை இங்கே கூப்பிடலாம். வழக்கு விழுந்தால் மகளின் வரவும் விழுந்தது. அதனால் அந்த வழக்குக் கோவையை அவர் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குவார்.

எண்பத்தேழாம் ஆண்டு தை மாதம், பனி முழங்காலுக்கு நின்ற நாட்கள். ஒரு நாள் வேலையால் வந்தவர், குளிர்ச் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னமே ஒரு கடதாசியை என் முன்னால் வைத்தார். தான் துடைக்கும் கட்டடத்தின் அறிவித்தல் பலகையில் குத்தியிருந்ததாம். தொலைபேசி இலக்கத்தை மட்டும் கிழித்தெடுப்பதற்குக் கீழே வால் வாலாக வெட்டிவிட்டிருந்தார்கள். இவர் முழுவதையும் பிடுங்கி வந்துவிட்டார். பிடித்த சாமானை முழுசாகக் கொண்டுவந்து பழகிய கை.

வாசித்துச் சொன்னேன். ஓர் ஆராய்ச்சிப் பிரிவு, கஞ்சாவின் விளைவுகளைப் படிக்க நல்ல உடல்நலமுள்ள ஆட்களைத் தேடுகிறது. பத்து நாள் அங்கேயே தங்க வேண்டும். நானூற்றைம்பது டொலர் கொடுப்பார்கள். முன்பு சில தடவையாவது பாவித்தவராக இருக்க வேண்டும். புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சத்தி, அதுதான் வாந்தி, நிற்கவும் பசி எடுக்கவும் இது உதவுமா என்று பார்ப்பது நோக்கம். கடைசி வரியை இன்னொருக்கால் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

என் கணவர் மகேந்திரராசா விழுந்து விழுந்து சிரித்தார். இருபத்திரண்டு வருடம் கஞ்சாவுக்குப் பின்னால் ஓடின மனுசனைக் கஞ்சாவே தேடி வந்திருக்கிறது, அதுவும் சம்பளத்தோடு என்றார். நானும் சிரித்தேன். அண்ணை சிரிக்கவில்லை. கடதாசியை மடித்து வைத்துக்கொண்டு, நாளைக்கு இதைத் திருப்பிக் குத்திவிட வேண்டும், அரசாங்கப் பொருள் என்றார்.

மறுநாள் அதைக் குத்திவிட்டு, அதே மாடியில் இருந்த அலுவலகத்தில் ஒரு படிவம் வாங்கி வந்தார். அதில்தான் அந்த ஏழாம் கேள்வி இருந்தது. முன்பு எப்போதாவது கஞ்சா பாவித்ததுண்டா? ஆம் எனில், எத்தனை தடவை, எந்தச் சந்தர்ப்பத்தில்?

அவருடைய வழக்குக் கோவையை நிரப்பியதும் நான்தான். போதைப்பொருள் தொட்டதில்லை என்று எழுதியிருந்தேன். சொந்த நாட்டில் குற்றம் எதுவும் செய்ததில்லை என்றும் எழுதியிருந்தேன். அதற்குச் சாட்சியாகக் கிராமசேவகர், சமாதான நீதவான், பாடசாலை அதிபர் மூவரும் தந்த நற்சான்றிதழ்கள் இணைக்கப்பட்டிருந்தன. குடி, வெறி, புகை எதுவுமற்ற உத்தமர் என்று மூன்று பேரும் ஒரே அச்சில் எழுதியிருந்தார்கள். ஆகவே இந்த ஏழாம் கேள்விக்கு “இல்லை” என்று எழுதினால் ஆராய்ச்சிக்கு எடுக்க மாட்டார்கள். “ஓம்” என்று எழுதினால் குடிவரவுக்கு எழுதியது பொய். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, கிழித்துப் போடுங்கள் என்றேன்.

“ரெண்டு கடதாசி ரெண்டு கதை சொல்லப்படா, புள்ள. கோட்டில அதாலதான் ஆக்கள் விழுறது” என்றார். என் பக்கம்தான் என்று நினைத்தேன். ஆனால் படிவத்தைக் கிழிக்கவில்லை.

அடுத்த நாள் காலை, தேத்தண்ணீருக்குப் பக்கத்தில் மறுபடி படிவம். பிடித்த கஞ்சாவை நீதவான் உத்தரவில் கோட்டு வளவில் குவித்து எரிப்பார்களாம். காவலர்கள் சுற்றி நிற்பார்களாம். காற்றுத் திரும்பினால் எல்லோருக்கும் தலை கிறுகிறுக்குமாம். அந்தப் புகை கணக்கில் வருமா என்று கேட்டார். சோற்று வாசம் பிடித்தவனைச் சாப்பிட்டவன் என்று எழுதுவார்களா என்று திருப்பிக் கேட்டேன். யோசித்துவிட்டு, எழுத மாட்டார்கள் என்று ஒப்புக்கொண்டார். அதற்கடுத்த நாள் மறுபடி படிவம்.

எதிர் வீட்டு மரியதாசனிடமும் கேட்டிருக்கிறார். அவன் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன், எதற்கும் ஒரு முடிவு வைத்திருப்பான். ஊர்ச் சாமிமார் காசில்லாமல் செய்வதைக் காசுக்குச் செய்தால் என்ன, கண்ணை மூடிக்கொண்டு போங்கோ என்றானாம். அதே மரியதாசன் இரண்டு நாள் கழித்து வந்து, அந்தச் சாமான் இரத்தத்தில் ஒரு மாதம் நிற்குமாம், குடிவரவுக்காரர் திரும்ப மெடிக்கலுக்குக் கூப்பிட்டால் பிடிபட்டுப் போவீர்கள் என்று பயமுறுத்திவிட்டுப் போனான். அண்ணை முதல் சொன்னதையும் நம்பினார், பிறகு சொன்னதையும் நம்பினார்.

எனக்கு எரிச்சல் வந்தது, மறைக்கவில்லை. இந்த மனுசனுக்கு அப்படி என்ன காசு முட்டு? கடனில்லை. குடியில்லை. மகளுக்கு மாதா மாதம் அனுப்புகிறார். நானூற்றைம்பது டொலர் ஆசை ஒரு நல்ல மனிதனை இப்படி ஆட்டி வைக்குமா என்று மனதுக்குள் திட்டினேன். பிறகு திட்டியதற்காக வருந்தினேன். ஒருநாள் சாப்பிடும்போது மகேந்திரராசா வாய் சும்மா இராமல், “மடியில கனமில்லாட்டி வழியில பயமென்ன அண்ணை, ஒண்டில் போங்கோ, இல்லாட்டி விடுங்கோ” என்றார். அண்ணை பாதிச் சோற்றோடு கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். பகிடியை அவர் இப்படி எடுத்ததில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மாசி பிறந்ததும், நேரில் ஒருக்கால் போய்க் கதைத்துப் பார்க்க நாள் கேள் என்றார். ஏழாம் கேள்வியை வெறுமையாக விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நிரப்பினேன். மொழிபெயர்க்க நானும் போக வேண்டியதாயிற்று. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கும் வேலை என்று முணுமுணுத்தபடி 165 பஸ்ஸில் ஏறினேன். அவர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். கையில் தலையணைக் கோவை.

எங்களைச் சந்தித்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு டொக்டர் அம்மா. பிரெஞ்சு வாசம் வீசும் ஆங்கிலம், அமைதியான முகம். வணக்கம் சொல்லி முடியவில்லை, அண்ணை கோவையைத் திறந்து அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், அதற்கு மேல் மூன்று நற்சான்றிதழ் என்று மேசையில் வரிசையாக அடுக்கினார். இவை என்ன என்று டொக்டர் கேட்டார். கஞ்சா பாவித்தவர்களைத் தேடும் ஆளிடம், இவர் ஒருநாளும் கஞ்சா தொடாதவர் என்று மூன்று பெரிய மனிதர்கள் கையெழுத்திட்ட கடிதங்கள் என்று நான் மொழிபெயர்த்தேன். சொல்லும்போதே முகம் சுட்டது. டொக்டர் கடிதங்களையும் பார்த்தார், எங்களையும் பார்த்தார். அவருக்கும் குழப்பம்தான்.

பிறகு படிவத்தைப் புரட்டி, ஏழாம் கேள்வி வெறுமையாக இருக்கிறதே, பாவித்ததுண்டா இல்லையா என்று கேட்டார்.

அண்ணை என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னார்.

“எண்பத்தோராம் ஆண்டு. வழக்குச் சாமான் பூட்டி வைக்கிற அறைத் திறப்பு எனக்கிட்ட இருந்திச்சு. ஒரு பொட்டலத்தில ரெண்டு கைப்பிடி களவா எடுத்தன். மீனாம்பிகைக்கு வயித்தில கான்சர். தண்ணியும் இறங்கல்ல. நெய்யில வறுத்துக் கருப்பட்டியில குழைச்சுக் குடு எண்டு ஊர் மருந்து குடுக்கிற பரியாரியார் சொன்னார். முதல்ல நான் திண்டு பாத்தன். பேந்து அவளுக்குக் குடுத்தன். சொல்லு, புள்ள.”

ஆறு வருடமாக ஒரு பேருக்கும் சொல்லாததை முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரியின் மேசையில் வைக்கிறார். அரசாங்க உத்தியோகத்தர், கோட்டுச் சாமானில் களவு. குற்றம் செய்ததில்லை என்று என் கையால் எழுதிய கோவை, அதே மேசையில் திறந்தபடி கிடக்கிறது. இது ஒரு கடதாசியில் ஏறி, அந்தக் கடதாசி எங்கேயாவது போய்ச் சேர்ந்தால், கொழும்பில் இருக்கும் பிள்ளை என்ன ஆவாள்? டொக்டர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன், இளமையில் நண்பர்களோடு இரண்டு மூன்று தடவை புகைத்திருக்கிறாராம் என்று.

டொக்டர் எழுதக் குனிந்தார். அண்ணை கையை நீட்டிப் படிவத்தின் மேல் வைத்தார்.

“நான் சொன்னத நீ சொல்லல்ல, புள்ள” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் கோட்டில் நின்றவருக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும் என்பதை நான் மறந்துபோனேன். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

பிறகு அவரே, தனக்குத் தெரிந்த கோட்டு ஆங்கிலத்தில், துண்டு துண்டாகச் சொன்னார். மனைவி, வருத்தம், சாப்பாடு இல்லை. நான் களவு எடுத்தேன், மேடம். நான் கொடுத்தேன். அவள் சாப்பிட்டாள். ஒவ்வொன்றாகச் சொல்லி, சாட்சிக் கூண்டில் நிற்பது போல நேராக இருந்தார். பொலிசைக் கூப்பிடப் போகிறாரோ, எங்கேயாவது அறிவிக்கப் போகிறாரோ என்று நான் டொக்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை நாள் சாப்பிட்டா என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அண்ணை எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. விரலை மடித்து எண்ணாமலே, பதினொரு நாள் என்றார். முதலில் கஞ்சி குடித்தாளாம். ஆறாம் நாள் இறால் வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்டாளாம். சந்தைக்கு ஓடிப்போய் வாங்கி வந்து தானே ஆக்கினாராம். பன்னிரண்டாம் நாள் விடிய உயிர் போய்விட்டது. இதை அவர் தமிழில்தான் சொன்னார். இம்முறை ஒரு சொல் பிசகாமல் நான் ஆங்கிலத்தில் சொன்னேன். டொக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார், ஒன்றையும் எழுதவில்லை.

கடைசியில், வயதும் கூட, புகைத்துப் பழக்கமும் இல்லை, அதனால் அண்ணையைச் சேர்க்க முடியாது என்று மெதுவாகச் சொன்னார். இந்தப் படிவம் எங்களுக்கு வரவே இல்லை என்று சொல்லி அதையும் சான்றிதழ்களையும் சேர்த்துத் திருப்பித் தந்தார். வாசல் வரை வந்து அண்ணைக்குக் கை கொடுத்தார். அண்ணை மெர்சி, மெர்சி என்று நன்றி சொன்னார்.

சரிவால் இறங்கிப் பஸ் தரிப்பில் வந்து நின்றோம். தப்பினோம் என்ற நிம்மதியா, பொய் சொல்லிப் பிடிபட்ட வெட்கமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. இவ்வளவு நாளும் காசுக்கு அலைகிறார் என்று நினைத்தேனே என்பது வேறு வலித்தது. சேர்க்க மாட்டார்கள் என்பது அவருக்கு முதலே தெரிந்திருக்கும் என்று அப்போதுதான் பட்டது. பிறகு ஏன் வந்தார்? கேட்கலாமா, கூடாதா என்று நான் தடுமாறிக்கொண்டிருக்க, அவர் தன்பாட்டில் சொன்னார்.

“நான் குடுத்த சாமான் அவள வெள்ளனக் கொண்டு போச்சுதோ எண்டு கேக்கத்தான் வந்தனான், புள்ள. தெரிஞ்ச டொக்டராப் பாத்து ஒருக்கா கேக்கோணும் எண்டு. அவ எத்தின நாள் சாப்பிட்டா எண்டு கேட்ட உடன அது எனக்கு மறந்துபோச்சு.”

அவருடைய கண் நிறைந்து வழிந்தது. குளிரில் துடைக்கக்கூட இல்லை. நான் என்ன சொல்வேன்? இல்லை அண்ணை, நீங்கள் கொடுத்தபடியால்தான் பதினொரு நாள் இருந்தா என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் எனக்கு என்ன தெரியும்? ஏற்கெனவே அன்று ஒரு பொய் சொல்லியாகிவிட்டது.

165 வந்து நின்று கதவைத் திறந்தது. சாரதி எங்களைப் பார்த்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

“வாங்கோ அண்ணை, டொக்டரிட்டத் திரும்பிப் போவம். இந்த முறை நீங்கள் சொல்லுறதை அப்பிடியே சொல்லுறன்” என்றேன்.

கோவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர் எனக்கு முன்னால் சரிவில் ஏறத் தொடங்கினார்.