இரவல் போயிருந்த அண்ணன்

சிவகாசியில் நான் வேலைபார்க்கும் அச்சகத்தில் இரண்டு பையன்கள் டீ நேரத்தில் ஒரு வெளிநாட்டு கிளப்பைப் பற்றிச் சண்டை போடுவார்கள். லோனில், அதாவது இரவலாக, வேறு அணிக்குப் போயிருந்த நடுக்கள ஆட்டக்காரன் திரும்பி வருகிறானாம். எந்த இடத்தில் ஆடுவான், பழைய வேகம் இருக்குமா என்று டீ ஆறும்வரை பேச்சு. இத்தனை நாள் அவன் இடத்தில் ஆடிக்கொண்டிருந்தவன் கதி என்ன என்று மட்டும் இருவரும் கேட்டதில்லை. எனக்கு அதுதான் முதலில் தோன்றும். ஏனென்றால் நான் அந்த ஆள்.

சில வருடங்களுக்கு முன்பு, அச்சகத்துக்கு வருவதற்கு முன்னால், நான் பட்டாசு ஃபேக்டரியில் பேக்கிங் வேலையில் இருந்தேன். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சுற்றுவட்டாரமெல்லாம் கிரிக்கெட், வாலிபால் என்று இருக்க, எங்கள் ஊரை மட்டும் எப்படியோ கால்பந்து பிடித்துக்கொண்டது. கண்மாய்க்குப் பக்கத்தில் கரிசல் தரையில் மைதானம், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம். நடுக்களத்தில் ஆடிய, நாங்கள் எல்லாரும் அண்ணன் என்றே கூப்பிட்ட ஒருவர்தான் எங்கள் அணியே. குனிந்த தலை நிமிராமலே யார் எங்கே நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அப்பேர்ப்பட்டவரை ஒரு கம்பெனி அணி கேட்டது. ஒரு சீசன் மட்டும் எங்களுக்கு ஆடட்டும், கம்பெனியிலேயே வேலையும் தருகிறோம், பொங்கல் கழித்து அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். பதிலுக்கு இரண்டு புதுப் பந்தும் கோல் வலையும் தந்தார்கள். எங்கள் கேப்டன் தலையாட்டிவிட்டு, அண்ணன் இடத்தில் என்னை நிறுத்தினார். நான் நன்றாக ஓடுவேன். ஆனால் நான் தலையை நிமிர்த்தினால் பந்து போய்விடும்.

ஃபேக்டரிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் பேச வேண்டியதையெல்லாம் காலையில் எங்களை ஏற்றிப்போகும் ஃபேக்டரி வேனுக்குள்ளேயே பேசித் தீர்ப்பது எங்கள் வழக்கம். அந்த மார்கழி முழுக்க, கண்ணாடியில் பனி படிந்த அந்த வேனுக்குள், அண்ணன் திரும்பி வருவதைத் தவிர வேறு பேச்சே இல்லை. திரி வெட்டும் வேலையில் இருந்த ஒரு அக்காதான் எப்போதும் ஆரம்பித்துவைப்பார். ஒரு ஆட்டத்தைக்கூட அவர் தவறவிட்டது கிடையாது.

"ரெண்டு பந்துக்குப் பிள்ளையத் தூக்கிக் குடுத்தானுக பாரு, அவனுகளச் சொல்லணும்."

டிரைவர் சிரித்துக்கொண்டே சீண்டுவார். "புகுந்த வீட்டுல நல்லாப் பளகிருச்சாம்க்கா. டவுன்ல புல்லுத் தரையில ஆடுன காலு, இனி நம்ம கருசல்ல ஓடுமா?"

"எந்தப் பிள்ளைக்குப் பொறந்த வீடு கசக்கும்? நீ வண்டிய ஒழுங்கா ஓட்டு. அவன் வந்துட்டான்னா நடுவுல இருக்கிற ஓட்டை அடைஞ்சிரும்."

அந்த ஓட்டை கடைசி சீட்டில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "யக்கா, தம்பி பின்னாடிதான் இருக்கான்" என்றார்.

அக்கா திரும்பிப் பார்த்தார். கொஞ்சமும் அசரவில்லை. "ஒன்னய ஒண்ணும் சொல்லலப்பா. நீ தங்கமான பிள்ளை. பந்துதான் ஒன்ட்ட நிக்க மாட்டேங்குது."

வேனே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்ய? பள்ளிக்கூட நாளிலிருந்து கண்மாய்க் கரையில் உட்கார்ந்து அடுத்தவர் ஆட்டத்தைப் பார்த்தே பழகியவன் நான். பதினோரு பேரில் ஒருவனாக நின்றது அந்த ஒரு வருடம்தான். அண்ணன் வந்துவிட்டால் மறுபடியும் கரைதான் எனக்கு. இதில் கொடுமை என்னவென்றால், நானும் அண்ணனின் ரசிகன். அவர் வர வேண்டும் என்று வேனில் இருந்த எல்லாரையும் போல எனக்கும் ஆசை. வரக்கூடாது என்ற ஆசையும் இருந்தது. இரண்டையும் சுமந்துகொண்டு பாக்கெட்டுக்குள் வெடியை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பொங்கல் கழிந்தது. எம். புதுப்பட்டி அணியோடு ஆட்டம். அண்ணன் காலையிலேயே வந்திருக்க வேண்டும். "கடைசி லோடு ஒண்ணு நிக்கி, ஏத்திவிட்டுட்டு பஸ்ஸப் பிடிச்சு வந்திருதேன்" என்று கேப்டனிடம் போனில் சொல்லியிருந்தார். கேப்டன் என்னைப் பார்த்து, "அவன் வர வரைக்கும் நீ ஆடு" என்றார்.

அன்றைக்கு ஊரே கரையில் இருந்தது. ஆனால் எல்லாரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். விசில் ஊதினால் மட்டும் தலை திரும்பும், பிறகு மறுபடியும் ரோடு. நான் ஓடினேன். முன்னால் ஓடினேன், பின்னால் ஓடினேன், என் இடமில்லாத இடத்துக்கெல்லாம் ஓடினேன். இனி எப்போது ஓடப்போகிறேன் என்ற நினைப்பு. ஒருமுறை பந்து என் காலுக்கடியில் நழுவிப் போனது. வழக்கமாக அக்காவின் குரல்தான் முதலில் வரும். அன்று வசவுகூட வரவில்லை. திட்டு வாங்காததற்காக வருத்தப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒருநாள்தான்.

அப்போது பஸ் ஹாரன் கேட்டது. கரை மொத்தமும் எழுந்து நின்றது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் இறங்கி வந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். "பொறந்த வீட்டுக்கு வந்துட்டியா ராசா!" என்று அக்கா கத்தினார். கேப்டன் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் எல்லைக்கோட்டை நோக்கி நடந்தேன், கரையில் கைதட்டல் காதைப் பிளந்தது. நான் ஆடவந்து ஒரு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் நான் வெளியேறியதற்குத்தான். கூச்சத்தோடு ஒரு கையைக்கூடத் தூக்கிவைத்தேன்.

எங்கள் அணியிடம் மொத்தமே பதினோரு பனியன்தான், உபரி கிடையாது. நான் கழற்றிக் கொடுத்தால்தான் அவர் போட முடியும். கழற்றி நீட்டினேன். அண்ணன் அதை வாங்கியவர், உடனே போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு கையாலும் முறுக்கினார். தண்ணீர் சொட்டியது.

"ஏலே, இம்புட்டா ஓடிருக்க?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

ஈரத்தோடு அப்படியே மாட்டிக்கொண்டு அவர் உள்ளே ஓடினார். கரை மறுபடியும் ஆர்ப்பரித்தது, நானும் சேர்ந்து கத்தினேன். ஊரே உட்கார்ந்திருந்த அந்த ஆட்டத்தில் நான் ஓடியதைக் கண்டுபிடித்தவர், நான் ஓடும்போது அங்கே இல்லாத ஒருவர்தான்.