சேற்றுக் காலோடு வந்தவர்

எழில்மதிக்குச் சொந்த ஊர் வெள்ளிமலைக்குப் பக்கம். இப்போது ஜப்பானில், கடலோரச் சிற்றூர் ஒன்றில், முதியோர் இல்லத்தில் வேலை. குளிப்பாட்டுவாள், ஊட்டுவாள், படுக்கை மாற்றுவாள். போன ஆகஸ்டில்தான் முதல்முறையாக ஓபோன் பண்டிகையைப் பார்த்தாள்.

செத்துப்போனவர்கள் வீட்டுக்கு வந்து சில நாள் தங்கிவிட்டுப் போகிற பண்டிகை அது. இல்லத்தின் கூடத்தில் மேஜை போட்டுப் பழமும் ஊதுவத்தியும் வைத்தார்கள். கூட வேலை செய்யும் மியுகி ஒரு வெள்ளரிக்காயில் நாலு குச்சி செருகி நிறுத்தினாள். கத்தரிக்காய்க்கும் அப்படியே கால் வைத்தாள்.

"இது குதிரை. வேகமாக வந்து சேர்வதற்கு. இது மாடு. திரும்பிப் போகும்போது மெதுவாகப் போவதற்கு. உன் வீட்டில் யாராவது இறந்திருந்தால் நீயும் செய்."

எழில்மதி ஒரு வெள்ளரிக்காயை எடுத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கூடையிலேயே போட்டாள்.

அவள் அப்பா சின்னக்கண்ணு மலையில் கூலிக்குச் சாமை அறுத்தவர். அவள் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், தோட்ட வேலை என்று சொல்லி ஒருவன் வந்து ஆட்களை ஜீப்பில் ஏற்றிப் போனான். போன பிறகுதான் தெரிந்தது, ஆந்திரக் காட்டில் செம்மரம் வெட்டுகிற வேலை என்று. யாரோ துரத்தியபோது ஆளுக்கொரு பக்கம் ஓடியிருக்கிறார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். சின்னக்கண்ணு வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அம்மா பச்சையம்மாள் தாலியைக் கழற்றவில்லை, கருமாதியும் செய்யவில்லை. யாராவது கேட்டால், "வேலைக்குப் போயிருக்காரு" என்பாள்.

பண்டிகையின் நடுவில் ஒரு சாயங்காலம், ஹனாதா என்ற மூதாட்டிக்கு எழில்மதி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஹனாதாவுக்கு நினைவு தப்பிவிட்டது. பெற்ற மகனையே தெரியாது. அவர் திடீரென்று கரண்டியைத் தள்ளிவிட்டு வாசலைப் பார்த்தார்.

"உன்னைத் தேடி வந்திருக்கிறார். உள்ளே கூப்பிடு."

"யார்?"

"காலெல்லாம் சேறு. அதனால்தான் தயங்கிக்கொண்டு நிற்கிறார்."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் யாருமில்லை. எழில்மதி எழுந்து போனாள். கதவு தானாக விலகியது. வெக்கையும் கடல் வாடையும் முகத்தில் அடித்தன. "அப்பா" என்றாள். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ வருடமாகியிருந்தது. கதவு மறுபடி மூடிக்கொண்டது.

மறுநாள் அம்மாவிடம் போனில் சொன்னாள், சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். அம்மா சிக்னலுக்காக மேட்டில் ஏறி நிற்பாள். காற்று மட்டும் கேட்டது.

"கால்ல சேறா?"

"அது புத்தி கலங்குன கெழவிம்மா. எதையோ ஒளறுது."

"செருப்பு போட்டுகினு இருந்தாரா?"

"அதெல்லாம் நான் கேக்கலம்மா."

"உசுரோட இருக்கிற மனுசன் கடலத் தாண்டி எப்டிடி அங்க வருவாரு?"

அம்மா போனை வைத்துவிட்டாள்.

அந்த வாரமே தாய்மாமன் காசிநாதன் கூப்பிட்டார். "அம்மா ஓடையாண்ட போயி தாலிய கழட்டிட்ச்சு. கருமாதியும் முடிஞ்சிச்சு. உங்கிட்ட அப்புறமா சொல்லிக்கலாம்னு சொல்லிட்ச்சு."

"ஏன் மாமா? யாரு செய்யச் சொன்னது?"

"நீதான அப்பாவ பாத்தேன்னு சொன்ன?"

"நான் பாக்கல மாமா! நான் பாக்கவே இல்ல!"

"சரி வுடு. இத்தினி வருசமா அது பட்ட பாடு போதும். இப்பதான் நிம்மதியா தூங்குது."

கழிவறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு எழில்மதி அழுதாள். அப்பாவைக் காடு கொன்றதோ இல்லையோ, தன் வாய் கொன்றுவிட்டது என்று தோன்றியது. அதற்குப் பிறகு ஊட்டும்போதெல்லாம் ஹனாதாவிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தாள்: "அன்றைக்கு வந்தாரே, எப்படி இருந்தார்? வயதானவரா?" ஹனாதா வாயைத் திறந்து அடுத்த கரண்டிக்குக் காத்திருப்பார். மார்கழிக் குளிரில் ஒருநாள் அவரும் போய்ச் சேர்ந்தார். எழில்மதியும் மியுகியும்தான் உடலைத் துடைத்து உடை மாற்றினார்கள்.

இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் அவள் சமையலறைப் பக்கம் உள்ள கதவு வழியாகப் போகிறாள். அந்த வழி பஸ் நிறுத்தத்துக்குக் கிட்டே என்று மியுகியிடம் சொல்லியிருக்கிறாள். உண்மையில் அது சுற்று வழி. முன்வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தால், கருமாதி முடிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது என்பது அவளுக்குத் தெரியவில்லை.