கோவிலின் இடப்பக்கச் சுவரும் எங்கள் அக்காவும்

எங்கள் அருமை அக்கா ஆண்டவரிடம் சென்று ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரும் நண்பர்களும் அவர்களுக்காக ஒரு செபம் சொல்ல வேண்டுகிறேன்.

தூத்துக்குடியில் பிறந்த அக்கா, அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததால் ஐந்து வயதில் கல்கத்தா வந்தார்கள். அப்பா திடீரெனக் காலமானபின் அரசு அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடும் வேலையில் சேர்ந்து, டாக்குரியா பகுதியில் வாடகை வீட்டில் அம்மாவையும் தம்பியான என்னையும் காப்பாற்றினார்கள். கோபம் மட்டும் மூக்குநுனியில் இருக்கும். ஒரு கோடு கோணினால் தாளையே கிழித்துப் போடுவார்கள்.

தொண்ணூறுகளின் இறுதியில் எங்கள் பங்குக் கோவிலின் கூரை ஒழுகியது. போர்ச்சுகீசியர் கட்டிய சிற்றாலயம் ஒன்றின் சுவரைச் சேர்த்துக்கொண்டு எழும்பிய பெரிய கோவில் அது. எந்தச் சுவர் என்று யாருக்கும் தெரியாது. எல்லாவற்றின் மேலும் ஒரே சுண்ணாம்புப் பூச்சு. தேக்கு உத்திரங்களை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடப் பங்குப் பேரவை முடிவு செய்தது. கோவிலுக்கு வரைபடமே இல்லாததால் அக்கா அளந்து வரைந்து, கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். பேரவையினர் சால்வை போர்த்திப் பாராட்டினார்கள்.

வேலை தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, பூசைக்குப் போன அக்கா இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். ஜன்னல் விளிம்பில் வைத்த கைப்பை இடம் போதாமல் கீழே விழுந்தது. வலப்பக்கம் விழாத பை இங்கே ஏன் விழுகிறது? டேப் கொண்டுவந்து அளந்தால், இடப்பக்கச் சுவர் பாதிப் பருமன்தான்! அதுதான் பழைய சிற்றாலயச் சுவர். படத்திலோ இரண்டும் ஒரே அளவு. கான்கிரீட் பாரம் அதன்மேல் இறங்கியிருந்தால்? கூரையோடு சுவரும் சரிந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிவில் அக்கா எழுந்து நின்றார்கள்.

"ஃபாதர், என் படம் தப்பு. ஒரு பக்கத்தை மட்டும் அளந்துட்டு மறுபக்கத்தையும் அப்படியே வரைஞ்சுட்டேன். வேலையை நிறுத்துங்க."

"இதுக்குத்தான் சால்வையா?" என்று பின்வரிசையில் ஒருவர் சிரித்தார்.

வேலை நின்றது. பழைய முறையிலேயே புதிய தேக்கு உத்திரங்கள் ஏறின; கூரை இன்றும் ஒழுகவில்லை. ஆனால் அலுவலகம்வரை கதை பரவியது. "தீதி, மறுபக்கமும் அளந்தீங்களா?" என்று, அக்காவை வங்க வழக்கப்படி தீதி என்றழைத்த சக ஊழியர்கள், அவர்கள் ஓய்வு பெறும்வரை கேலி செய்தார்கள். அத்தனை கோபக்கார அக்கா அதற்கு மட்டும் கோபப்பட்டதில்லை.

நோயுற்ற கடைசி மாதங்களில் உடனிருந்த அண்டை வீட்டாருக்கும், மருத்துவர்களுக்கும், நற்கருணை கொண்டுவந்த ஃபாதருக்கும், தோள் கொடுத்துச் சுமந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கோவிலை அளந்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்தவன் நான். அப்போது எனக்கு முப்பது வயது, வங்கி உத்தியோகம். இடப்பக்கத்தை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். பந்தாட்டம் பார்க்கப் போகும் அவசரத்தில், "அளந்துட்டேன்க்கா, அதே அளவுதான்" என்றேன். அளக்கவே இல்லை. அக்கா கோவிலில் எழுந்து நின்றபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அழுத என்னிடம், "விடுடா, கையெழுத்து என்னோடதுதானே?" என்றார்கள். அக்கா அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

என் அக்கா எதையும் பாதி அளந்து வரைந்தவர்கள் அல்லர். பொய் அளவு சொன்னவன் நான். அவர்கள் சுமந்துபோன பழியை, காலம் கடந்தாலும், உங்கள் எல்லார் முன்னாலும் இன்று வாங்கிக்கொள்கிறேன்.