ரோஸ்லின் அத்தையின் இரண்டாவது டிஸ்க்

படிக்கிறவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்கள் அப்பாவிடம்.

திங்கட்கிழமை கணக்கு வகுப்பில் இருந்தபோது செய்தி வந்தது. அப்பாவின் தங்கை ரோஸ்லின் அத்தை, வேலை செய்த மேசையிலேயே மாரடைப்பு வந்து போய்விட்டார்கள்.

எங்கள் வீட்டு முன்னறைதான் கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர்களின் சங்க அலுவலகம். யார் எந்தப் படகில் போனார், எத்தனை முறை இறங்கினார், மேலே வந்ததும் உடம்பு எப்படி இருந்தது என்று கடற்கரையில் தினமும் கேட்டு, அத்தை கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். படகு முதலாளிகள் முறைத்தாலும் ஒரு நாள்கூட விட்டதில்லை.

போன வருஷம் அத்தை இன்னொரு டிஸ்க் வாங்கி, இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி ஜோடி சேர்த்தார்கள். பதிவேடு பழைய டிஸ்க்கில் இருந்ததால் அவசரப்பட முடியாது. முதலில் புதியதை மட்டும் பாதி ஜோடியாக அமைத்து, எல்லாவற்றையும் அதில் நகலெடுத்து, கம்ப்யூட்டரை அதிலிருந்தே இயக்கி, ஒவ்வொரு மாதப் பதிவையும் திறந்து பார்த்தார்கள். பிறகுதான் பழையதைச் சேர்த்தார்கள். சேர்க்கும்போது பழையதில் இருப்பது அழிந்து, புதியதில் உள்ளது ஏறும்.

சங்கு குளிக்கப் போய்க் கால் மரத்துப்போன சூசை மாமா அன்று பக்கத்தில் கம்பை ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

"ஏளா ரோஸ்லின், காலையில தொடங்குன. இதுக்குள்ள நான் பத்து சங்கு எடுத்திருப்பேன்."

"எடுப்பீய. ஆழத்துலருந்து வெரசா மேல வந்துதான அண்ணாச்சி, கால் இப்படிக் கெடக்கு? நான் மெதுவாத்தான் வருவேன்."

மாமாவே சிரித்துவிட்டார்.

வேலை முடிந்ததும் அத்தை என்னிடம் சொன்னார்கள்: "ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்கும். ஆனா சேந்து இருக்கையில அழிச்சா ரெண்டுலயும் அழிஞ்சிரும்."

காலுக்கு நஷ்டஈடு கேட்டு சூசை மாமா போட்ட வழக்கு இப்போது நடக்கிறது. கால் மரத்த அன்று அவரை ஒரு தடவைதான் கடலில் இறக்கினேன் என்கிறார் படகு முதலாளி. பதிவேட்டில் ஆறு தடவை என்று இருக்கிறது. அந்த முதலாளியின் படகைத்தான் அப்பா ஓட்டுகிறார்.

இன்று அடக்கம் முடிந்ததும் முதலாளி அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"காலையில ஆள் கூட்டிட்டு வாரேன். அந்தப் பெட்டியில உள்ளத அழிச்சிரணும், கேட்டியா?"

அப்பா குனிந்த தலை நிமிராமல், "சரி முதலாளி" என்றார்.

எல்லாரும் தூங்கியதும் கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு டிஸ்க்கைக் கழற்றிவிட்டேன். மற்றதை வைத்தே அது ஓடுகிறது. நாளை அழித்துக்கொள்ளட்டும்.

அத்தை, உங்கள் சவப்பெட்டிமேல் மண் போட்டுவிட்டு வந்தேன். திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். உங்களைப் போல மெதுவாகத்தான் செய்தேன். நிம்மதியாகப் போய் வாருங்கள். டிஸ்க் என் சாப்பாட்டு டப்பாவில் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிற வழியில் சூசை மாமா கையில்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.

"ஏளா, கதவத் தொற. கம்ப்யூட்டர் மூடியில ஒரு திருகாணியக் காணலியே, நீ